வளர்ற புள்ளைக்கு எந்த கிடார்?

பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரியதாகத் தைத்துப் போடுவது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஜூன் மாதம் தொளதொளவென்று கிடக்கும் சட்டை, அடுத்த ஜூனில் கச்சிதமாக உட்காரும். செருப்புக்கும் சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான். பிள்ளை வளரும், காசு மிச்சமாகும். கணக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிடார் வாங்கும்போது மட்டும் அது காலை வாரிவிடுகிறது.

களம்பூரையே எடுத்துக்கொள்வோம். ஆரணிக்குப் பக்கத்துப் பேரூராட்சி. அரிசிக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டுத்தறி. ஊர் களம்பூர் என்றாலும் ரயில் நிலையத்தின் பலகையில் இருப்பது ‘ஆரணி ரோடு’. இங்கே ஒரு தறிக்கார வீட்டில், ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண் ‘எனக்கு கிடார் வேணும்’ என்று அடம்பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சர்ச் கொயரில் யாரோ வாசித்ததைப் பார்த்திருக்கலாம். போனில் ‘இளைய நிலா’ பார்த்திருக்கலாம். அப்பா ஒரு புடவையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கிய கையோடு போனைத் திறக்கிறார். 38 இஞ்ச், 39 இஞ்ச், 40 இஞ்ச், 41 இஞ்ச் என்று வரிசையாக வந்து நிற்கின்றன.

“இதுல எதுக்கா நல்லது?” என்று தன் அக்காவைக் கேட்கிறார்.

“இன்னாத்துக்கு யோசனை? பெருசே வாங்குப்பா. வளர்ற புள்ள.”

விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 41 இஞ்ச் வந்து இறங்குகிறது.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெண் நாற்காலியில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைக்கிறாள். மேல் விளிம்பு அவள் தோளுக்கு ஒட்ட வருகிறது. வலது கையை அதன் மேல் போட்டதும் தோள் காதுவரை ஏறுகிறது. முழங்கைக்குக் கீழே ரத்தம் ஓடாமல் மரத்துப்போகிறது. இடது கை, கழுத்தின் தலைப்பக்கத்து முதல் மெட்டை (ஃப்ரெட்டை) எட்ட வேண்டுமானால் முழுக்க நீள வேண்டும். நீண்ட கைக்கு விரலை மடக்கி அழுத்தப் பலம் கிடையாது. கம்பி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்காகக் கிடாரை மல்லாக்கச் சாய்க்கிறாள். சாய்த்த உடனே இடது மணிக்கட்டு இன்னும் முறுக்கிக்கொள்கிறது. வாத்தியார் “நிமிர்ந்து உட்காரும்மா” என்கிறார். நிமிர்ந்தால் கம்பி தெரியவில்லை. ஒரு மாதத்தில் கிடார் பீரோவின் மேல் ஏறுகிறது.

‘அவளுக்கு மியூசிக் வரலப்பா’ என்று வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது. அவளுக்கு வராதது மியூசிக்கா, கை எட்டாததா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இஞ்ச் சொல்லாத சேதி

கடைக்காரர் சொல்லும் 38, 41 எல்லாம் தலை முதல் அடிவரை கிடாரின் மொத்த நீளம். டப்பாவில் கொள்ளுமா, பீரோ மேல் நிற்குமா என்று பார்க்க அந்த எண் உதவும். கைக்கு எட்டுமா என்று அது சொல்லாது. தலைப்பகுதி இரண்டு இஞ்ச் கூடுதலாக இருந்தால் மொத்த நீளம் கூடிவிடும்; வாசிப்பவர் கைக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

பார்க்க வேண்டிய எண் வேறு. கம்பி உயிரோடு அதிர்கிற நீளம். கழுத்தின் மேல்முனையில் கம்பி ஏறி உட்காரும் வெள்ளைக் கட்டையை நட் என்பார்கள். அங்கிருந்து, உடம்பின் மேல் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரை உள்ள தூரம் அது. ஸ்கேல் லெங்த் என்று பெயர். அளப்பது சுலபம்: நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் கம்பி வரை தையல் டேப்பை வைத்து அளந்து, இரண்டால் பெருக்கினால் போதும். 12ஆம் ஃப்ரெட் சரியாக நடுவில் இருக்கும், ஏனென்றால் கம்பியைப் பாதியாக்கினால்தான் மேல் ஸ்தாயி ஷட்ஜமம் பிறக்கும். வீணையின் மெட்டுகளுக்கும் இதே நியாயம்.

வழக்கமான கிளாசிக்கல் கிடாரில் இந்த நீளம் 650 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்கும் யமஹா எஃப் 310 போன்ற ஸ்டீல் கம்பிக் கிடாரில் 634. அதே கம்பெனியின் சிறிய நைலான் கிடார் சி.எஸ். 40இல் 580. அதையும்விடக் குட்டியான ஜூனியர் கிடாரில் 540. (யமஹாவுக்கு விளம்பரம் செய்வதாக நினைக்க வேண்டாம். அளவுகளை ஒளிக்காமல் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், அதனால் எடுத்துச் சொல்ல வசதி.)

650க்கும் 580க்கும் ஏழு சென்டிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். விரலை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். எந்த வகுப்பிலும் முதல் மாதத்திலேயே வந்துவிடுவது ‘சி’ கார்ட் (சில கம்பிகளை ஒருசேர அழுத்தி ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில், மோதிர விரல் மூன்றாவது ஃப்ரெட்டில். இந்த இரண்டு ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள தூரம் 650 கிடாரில் 67 மில்லிமீட்டர். 580இல் 60. 540இல் 56கூட இல்லை. நான்கு விரலையும் முதல் நான்கு ஃப்ரெட்டில் பரப்பி வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட்வரை 650இல் 134 மில்லிமீட்டர், 580இல் 120, 540இல் 111. பத்து வயதுக் குழந்தையின் விரல் நுனி ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான் அகலம் இருக்கும். அந்தக் கைக்கு ஏழு மில்லிமீட்டர் என்பது விரல் நுனியில் பாதிக்கு மேல்.

நீளம் குறைந்தால் இன்னொரு லாபமும் கூடவே வரும். அதே கம்பியை அதே சுருதிக்கு முறுக்கும்போது, நீளம் குறையக் குறைய இழுவிசை குறைகிறது. அதுவும் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. 634இலிருந்து 580க்கு இறங்கினால் இழுவை ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்துவிடும். விரலுக்கு வலி குறைகிறது, கம்பி சீக்கிரம் அமுங்குகிறது. ஒரே குழந்தை பெரிய கிடாரில் திணறுவதும் சிறியதில் சிரிப்பதும் இதனால்தான்.

முழு சைஸ் யாருடைய சைஸ்?

‘ஃபுல் சைஸ்’ என்ற பேரே ஒரு மயக்கம். முழுசு என்றால் நல்லது, முக்கால் என்றால் குறை என்று மனசு தானாக எடுத்துக்கொள்கிறது. அந்த முழுசு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

கிளாசிக்கல் கிடாரின் இன்றைய உருவத்தை வார்த்தவர் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் அன்டோனியோ டி டோரஸ் (1817–1892). 650 மில்லிமீட்டர் நிலைபெற்றது அவருக்குப் பிறகுதான். கடைகளில் வரிசையாகத் தொங்கும் ஸ்டீல் கம்பிக் கிடாரின் பெரிய உடம்பு அமெரிக்கச் சரக்கு. 1833இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம், 1916இல் டிட்சன் என்கிற இசைக்கடைக்காக அகலமான, ஆழமான ஒரு கிடாரைச் செய்தது. அதற்கு முன் பத்தாண்டுகளாக உலகமே பேசிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘ட்ரெட்நாட்’டின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1931இல் மார்ட்டின் தன் சொந்தப் பெயரிலேயே அதை விற்கத் தொடங்கியது. அப்புறம் எல்லாக் கம்பெனிகளும் அதையே வார்த்தன. இன்று ‘கிடார்’ என்று படம் வரையச் சொன்னால் பாதிப்பேர் வரைவது அந்தப் போர்க்கப்பலைத்தான்.

மைக் சரிவரப் பரவாத காலம் அது. பாஞ்சோவும் பிடிலும் போடும் சத்தத்துக்கு நடுவே கிடார் காதில் விழ வேண்டும். பெரிய பெட்டி, பெரிய சத்தம். களம்பூர் வீட்டுக் கூடத்தில் பாஞ்சோவோடு போட்டி போட யாரும் இல்லை. தறிச் சத்தம் இருக்கிறது, ஆனால் அதோடு போட்டி போட எந்தக் கிடாராலும் முடியாது.

ட்ரெட்நாட்டின் கீழ்ப்பகுதி சுமார் 40 சென்டிமீட்டர் அகலம், ஆழம் 12 சென்டிமீட்டரைத் தொடும். கை எட்டாமைக்குக் கழுத்து நீளத்தைவிட இந்த ஆழம்தான் பல நேரம் காரணம். 12 சென்டிமீட்டர் பெட்டியை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, அதைச் சுற்றிக் கையைக் கொண்டுபோக வேண்டும். கடையில் யாரும் இதை அளந்து காட்டுவதில்லை.

முக்கால் என்பது முக்கால் அல்ல

கிடார் உலகத்தில் கால், அரை, முக்கால் என்று சைஸ் சொல்வார்கள். கணக்கு வாத்தியார் கேட்டால் அடிக்க வருவார். முக்கால் கிடாரின் கம்பி நீளம் பெரும்பாலும் 580ஐ ஒட்டி இருக்கும். 650இல் அது முக்கால் அல்ல, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு. பேர் மட்டும் முக்கால். வயலினிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம் இது.

வயலினைச் சொன்னதும் ஒரு கேள்வி எழுகிறது. கர்நாடக சங்கீத வகுப்பில் சின்னக் குழந்தைக்கு அரை சைஸ், முக்கால் சைஸ் வயலின்தான் என்று வாத்தியார் சொன்னால் எந்த அப்பாவும் எதிர்த்துப் பேசுவதில்லை. வளர வளர மாற்றுகிறோம். கிடாருக்கு அந்தப் பொறுமை ஏன் வருவதில்லை? குருவின் வழியாக வீட்டுக்குள் வருகிறது வயலின். கிடார் பெரும்பாலும் கூரியர் வழியாக வருகிறது. கிடாரை அளந்து சொல்ல ஆளில்லை.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: ஐந்தாறு வயதுக்குக் கால், எட்டு வயதுவரை அரை, எட்டிலிருந்து பதினொன்று பன்னிரண்டு வரை முக்கால், அதற்கு மேல் முழுசு. உயரத்தை வைத்துப் பார்த்தால் 130 முதல் 150 சென்டிமீட்டர் உள்ள பிள்ளைகளுக்கு முக்கால் பொருந்தும். இந்தியக் கடை மொழியில் முக்கால் என்பது 36 இஞ்ச் சுற்றுவட்டாரம். இதெல்லாம் தோராயம்தான். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு சாண் உயர வித்தியாசம் இருக்கும். வயசைக் கேட்டு கிடார் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரைவிட, “பாப்பா, இப்படி உட்காரு” என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறவரே மேல்.

உட்கார்ந்த பிறகு நான்கு விஷயம் பார்த்தால் போதும். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கக் கூடாது. வலது கையைக் கிடாரின் மேல் போட்டால் தோள் ஏறாமல், உள்ளங்கை தானாக ஓட்டைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே வந்து தொங்க வேண்டும். இடது கை முதல் ஃப்ரெட்டைத் தொடும்போது முழங்கையில் நல்ல மடிப்பு இருக்க வேண்டும். கை கம்பு மாதிரி நீண்டால் கிடார் பெரிது. அடுத்து, மேலே இருக்கும் தடித்த ஆறாவது கம்பியில் நான்கு விரலையும் அடுத்தடுத்த நான்கு ஃப்ரெட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் முறை யாருக்கும் கச்சிதமாக வராது. மணிக்கட்டு ஒடிகிற மாதிரி வளைகிறதா என்பதுதான் கேள்வி. கடைசியாக, கழுத்தைத் தாங்காமல் இடது கையை எடுத்துவிட்டால் கிடார் மடியில் நிற்கிறதா, தலைப்பக்கம் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். சரிந்தால் அந்தக் கை வாசிப்பதை விட்டுவிட்டுத் தூக்குகிற வேலைக்குப் போய்விடும்.

ரொம்பக் குட்டிக் கிடாருக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. கால் சைஸ் கிடாரில் வழக்கமான சுருதிக்குக் கம்பியை வைத்தால் தளர்ந்து தொளதொளவென்று கிடக்கும், சுருதி நிற்காது. யமஹாவின் கிடாலேலே என்கிற குட்டிக் கிடார் மாதிரி சிலவற்றில் கம்பியை மேல் சுருதிக்கு ஏற்றியே விற்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் ஒரு சுருதியில் வாசிக்க, குழந்தை மட்டும் வேறு சுருதியில் வாசிக்கும். ஐந்து வயதுக் குழந்தை என்றால் நாலு கம்பி யுகுலேலேயில் தொடங்கிவிட்டு, எட்டு வயதில் முக்கால் கிடாருக்கு வருவது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

சின்ன வாத்தியம் என்றால் சின்ன சங்கீதம் என்ற நினைப்புக்கு நம் மேடையிலேயே பதில் இருந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்தவர். அந்தக் கைக்கு அந்த வாத்தியம் அளவாக இருந்தது. பிறகு எட்டுக் கம்பி தன் வழிக்கு ஒத்துவரவில்லை என்று ஐந்து கம்பியாக மாற்றி, மின்சார மாண்டலினாகவே வாசித்தார். 2014இல் மறையும்வரை மடியில் இருந்தது அந்தச் சின்ன வாத்தியம்தான். வாத்தியத்துக்காக ஆள் வளைய வேண்டியதில்லை என்பதை அவரைவிட அழகாக யாரும் காட்டியதில்லை.

பெரியவர்கள் பாடு

சைஸ் என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஐந்தடி உயரமுள்ள ஒரு கல்லூரிப் பெண் ட்ரெட்நாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோள்வலி என்று சொன்னால், ‘பழகப் பழகச் சரியாயிடும்’ என்பதுதான் வகுப்பில் கிடைக்கும் பதில். சில வலி பழகும். தோள்வலி பழகினால் மருத்துவரிடம்தான் கொண்டுபோய் விடும்.

அவருக்கு முக்கால் கிடார் வேண்டாம். கான்சர்ட், ஆடிட்டோரியம், ஓ.எம்., ஃபோக் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வைத்திருக்கிற இடை சிறுத்த கிடார்கள் உண்டு. கம்பி நீளம் முழு அளவுதான். உடம்பு மட்டும் ஒல்லி. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம் குறைந்தாலே தோள் இறங்கிவிடும். யமஹாவில் பெரியதற்கு எஃப்.ஜி. என்றும் சிறியதற்கு எஃப்.எஸ். என்றும் பேர். ஒரே விலை மட்டத்தில் இரண்டும் கிடைக்கும்போது பலரும் பெரியதையே எடுப்பது பழைய சீருடைப் புத்திதான். சத்தத்தில் அடித்தொனி கொஞ்சம் குறையும் என்பது உண்மை. வீட்டில் வாசிக்க அது ஒரு பொருட்டில்லை. தனித்தனியாகக் கம்பியை மீட்டி வாசிக்கிறவருக்கு ஒல்லி உடம்பின் தெளிவே உசத்தி.

கிளாசிக்கல் கிடார் தச்சர்கள் கை சிறிய கலைஞர்களுக்கு 640, 630 மில்லிமீட்டரில் தனியாகவே செய்து தருகிறார்கள். எட் ஷீரன் 2015இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் தனியாளாக நின்று வாசித்ததும் மார்ட்டினின் குட்டிக் கிடாரில்தான். மைக் இருக்கிறபோது பெட்டி எதற்கு?

ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் கிடார் கற்க ஆசைப்பட்டால், அவருக்கு இருக்கிற கவலை சைஸ் பட்டியலில் வராது. ஸ்டீல் கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகளில் காய்ப்பு ஏறும். அறுந்த பட்டிழையைத் தேடிப் பிடித்து முடிகிற விரல் அது. நுனி சொரசொரப்பானால் இழை மாட்டும். அவருக்கு நைலான் கம்பிதான் என் சிபாரிசு.

நைலானா, ஸ்டீலா?

ஸ்டீல் கிடாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை எழுபது கிலோவைத் தொடும். நைலான் கிடாரில் அது நாற்பது கிலோ சுற்றுவட்டாரம்தான். விரலுக்கு எது இதம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு சிக்கல் மட்டும்: நைலான் கிடாரின் கழுத்து அகலம். நட் அருகே முழு அளவுக் கிளாசிக்கலில் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கிடாரில் 43. சின்னக் கைக்குக் கட்டைவிரல் பின்பக்கம் சுற்றி வராது. முக்கால் நைலானில் கழுத்தும் சற்று ஒடுங்கியிருக்கும் என்பதால் குழந்தைகளுக்கு அதுவே பொருத்தம். சினிமாப் பாட்டுக்குக் கார்ட் அடிக்க வேண்டும் என்று வருகிற பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஒல்லி உடம்பு ஸ்டீல் கிடாரும் மெல்லிய கம்பி செட்டும் போதும்.

நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. ‘சத்தம் நல்லா வரும்’ என்று யாராவது சொல்லி மாட்டினால், ஒருநாள் ராத்திரி பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும்.

சைஸ் சரியாக இருந்தும் விரல் வலித்தால் கம்பியின் உயரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டீல் கிடாரில் 12ஆம் ஃப்ரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் அளவு இருக்கலாம். அளவுகோல் வேண்டாம், மூன்று ஏ.டி.எம். கார்டை அடுக்கினால் 2.3 மில்லிமீட்டர் வரும். அந்த அடுக்கு சிரமமில்லாமல் நுழைந்து மேலே இன்னும் இரண்டு கார்டுக்கு இடமிருந்தால், கம்பி உயரம் அதிகம். மலிவு விலைக் கிடார்களில் இது சர்வ சாதாரணம். பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டையை அடிப்பக்கம் தேய்த்து இறக்குவது தெரிந்தவருக்குச் சின்ன வேலை. ‘செட்டப்’ செய்து தரச் சொல்லிக் கேட்டால் மியூசிக் கடையில் செய்து தருவார்கள். கேட்காதவருக்குச் செய்வதில்லை.

ராணிப்பேட்டையும் ஒரகடமும்

கிடார் நமக்கு அந்நிய வாத்தியம் என்று சொல்கிற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. ஆரணியிலிருந்து ஆற்காடு தாண்டினால் ராணிப்பேட்டை. கர்நாடக இசையைக் கிடாரில் வாசித்து உலகம் சுற்றும் ஆர்.பிரசன்னா 1970இல் பிறந்தது அங்கேதான். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு, பிறகு அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரி. ஃப்ரெட் வைத்த வாத்தியத்தில் கமகம் எப்படி என்று கேட்டவர்களுக்கு, கம்பியை இழுத்தும் வழுக்கியும் பதில் சொன்னவர். ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசை அவர்தான். இளையராஜாவும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் வழியில் கிளாசிக்கல் கிடார் கற்றவர். ‘மூடுபனி’யில் (1980) ‘என் இனிய பொன் நிலாவே’, ‘பயணங்கள் முடிவதில்லை’யில் (1982) ‘இளைய நிலா’ என்று அவர் எழுதிய கிடார் இழைகள், இன்றும் தமிழ்நாட்டில் கிடார் எடுக்கிறவர்களின் முதல் ஆசையாக இருக்கின்றன. இரண்டுமே கம்பியைத் தனித்தனியாக மீட்டுகிற பாட்டுகள். போர்க்கப்பல் சைஸ் தேவைப்படாதவை.

வாத்தியமே நம் பக்கத்தில்தான் தயாராகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகால் சிப்காட்டில் 2019இல் யமஹா இசைக்கருவித் தொழிற்சாலை திறந்தது. எஃப் 280 என்கிற ஆரம்பநிலைக் கிடார் அங்கே செய்யப்படுகிறது. வாசிக்கத் தொடங்கும் பலர் கையில் இருப்பது அந்த வகை. நல்ல கிடார், ஆனால் அதுவும் பெரியவர் சைஸ்தான். பட்டியலில் ‘பிகினர்’ என்று போட்டிருந்தால் அது திறமையைச் சொல்கிறது, சைஸைச் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ‘பிகினர் கிடார்’ தேடுகிற அப்பாக்கள் தடுக்கி விழுகிற இடம் இது.

சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரி கடைக்கு ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் நல்லது. வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. மூன்று சைஸை மடியில் வைத்துப் பார்த்தால் போதும். ட்ரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகள் வந்துபோகிற இடம் என்பதால் சின்னக் கையைப் பார்த்துப் பழகியவர்கள் இருப்பார்கள். வேலூர்க் கடைகளிலும் கேட்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் பக்கத்து சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிடார் வாசிக்கும் தம்பியிடம், “ஒரு நிமிஷம் பாப்பா மடியில வெச்சுப் பாக்கட்டுமா தம்பி?” என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

போனில்தான் வாங்குவேன் என்றால், விற்பவரிடம் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட்வரை எத்தனை மில்லிமீட்டர்? 290 என்றால் முக்கால். 317 என்றால் எஃப் 310 அளவு. 325 என்றால் கிளாசிக்கல் முழு அளவு. ‘41 இஞ்ச் சார்’ என்றே திரும்பத் திரும்பப் பதில் வந்தால் அடுத்த கடையைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே வாங்கியாயிற்றா?

பீரோ மேல் இருக்கும் 41 இஞ்சை உடனே விற்க வேண்டாம். நூறு இருநூறு ரூபாய்க்குக் கேப்போ என்று ஒரு கிளிப் கிடைக்கும். கழுத்தில் மாட்டினால் எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 634 கிடாரில் இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் அதிர்கிற நீளம் 565 மில்லிமீட்டராகிவிடும். மூன்றாவதில் மாட்டினால் 533. முக்கால் கிடாரின் ஃப்ரெட் இடைவெளி கைக்கு வந்துவிட்டது. கையும் அத்தனை தூரம் நீள வேண்டாம். சுருதி ஏறிவிடுமே என்றால், பெரும்பாலான பெண் குழந்தைகளின் குரலுக்கு அது வசதிதான். பெட்டியின் ஆழம் மட்டும் குறையாது. அதற்குக் கிடாரை நெஞ்சோடு ஒட்டாமல், இடது தொடையில் வைத்து இடது காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை போட்டு, கழுத்தை மேல்நோக்கி நிறுத்தச் சொல்லலாம். கிளாசிக்கல் வாசிப்பவர்கள் உட்காரும் முறை அது.

எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்ப்பதும் பலன் தரும். இழுவை பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டால் பழைய சுருதி திரும்பிவிடும், வகுப்பில் தனித்துக் கேட்காது.

சித்திரை, வைகாசியில் வேலூர்–ஆரணி வட்டாரம் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழேயோ பீரோ மேலேயோ கிடாரை விட்டால் பசை இளகிப் பிரிட்ஜ் கிளம்பும், கழுத்து வில்லாக வளையும். வளைந்த கழுத்து கம்பியைத் தூக்கிவிடும். அதற்கப்புறம் சைஸ் சரியாக இருந்தும் பயனில்லை. சுவரில் ஆணி அடித்து, வெயில் படாத பக்கம் மாட்டிவைப்பது நல்லது. கண்ணில் பட்டால் கையில் எடுக்கவும் தோன்றும்.

முக்கால் கிடாருக்கு ஆயுசு மூன்று நான்கு வருஷம்தானே, காசு வீண் என்று அத்தை கேட்பார். வீண் இல்லை. கிடார் வகுப்பு நடக்கும் எந்த ஊரிலும் வளர்ந்த பிள்ளைகளின் முக்கால் கிடார்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவரி போட்டால் பாதி விலைக்கு வரும். வாங்கும்போது தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி, ‘டர்’ரென்று சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். பிரிட்ஜுக்கும் பலகைக்கும் இடையே ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்து, உள்ளே போகவில்லை என்றால் எடுக்கலாம். பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் புது நைலான் செட் ஒன்று போட்டுக்கொண்டால், அடுத்த வாரம் வகுப்புக்கு அனுப்பலாம்.